கூறைச் சேலையை ஏலம் கூறிய தம்பி

எங்கள் தெருவில் யாராவது ஒரு பொருளை வாங்கி வந்தால், அது நன்றாக இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. "என்ன விலைக்கு எடுத்தனீங்கள்?" என்றுதான் கேட்பார்கள். நீங்கள் விலையைச் சொன்னதும் கேட்டவரின் முகம் செத்த வீட்டுக்கு வந்தவரின் முகம்போல இரங்கிப் போகும். "அடடா, என்னட்ட ஒரு சொல் சொல்லியிருக்கலாமே." அவ்வளவுதான். நீங்கள் வாங்கிய மின்விசிறி சுழலும், காற்றும் வரும், ஆனால் அதற்குக் கீழே இனி உங்களால் நிம்மதியாகப் படுக்க முடியாது.

நான் உட்துறைமுக வீதிப் பக்கம் காலையில் ஆப்பம் சுட்டு விற்கிறவள். இந்த மலிவுப் பைத்தியத்தை அடுப்புக்குப் பின்னால் இருந்து பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். கார் வைத்திருக்கிற ஒரு மனிதர் அடிக்கடி வருவார். பத்து ஆப்பம் எடுத்தால் ஒன்று சும்மா தர வேண்டும் என்று மல்லுக்கு நிற்பார். மூக்கில் புகை போக நானும் நிற்பேன். கடைசியில் அவர் தொல்லை பொறுக்காமல் ஒன்றைத் தூக்கிப் போடுவேன். ஒருநாள் அந்தச் சும்மா ஆப்பத்தை எங்கள் ஊர் வீதிகளில் ஆடுமாடுபோலத் திரிகிற மான் ஒன்றுக்கு அவர் பிய்த்துப் போடுவதை என் கண்ணால் கண்டேன். அவருக்கு ஆப்பம் தேவையே இல்லை. என்னைத் தோற்கடித்தோம் என்ற திருப்திதான் தேவை. அதற்காக அவரை நான் பெரிதாகத் திட்டவும் முடியாது. மீன் வாங்கப் போனால் நானும் அப்படித்தான். மீன்காரன் வெறுத்துப் போய் "கொண்டு போங்கோ அக்கா, சும்மா கொண்டு போங்கோ" என்று சொல்லும்வரை எனக்கு மீன் ருசிக்காது.

ஆனால் இந்த விஷயத்தில் என் தம்பிக்குப் பக்கத்தில் நிற்க எனக்குத் தகுதி இல்லை. துறைமுகத்தில் நல்ல சம்பளத்தில் எழுதுவினைஞனாக இருக்கிறான். ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்குவதற்கு மோட்டார் சைக்கிளில் கிண்ணியா வரை போய் வருவான். பெற்றோலுக்குச் செலவான காசில் இரண்டு வாளி வாங்கியிருக்கலாம். அதைச் சொன்னால் கோபம் வரும். "பெற்றோல் வேற கணக்கு அக்கா" என்பான். அப்படி ஒரு கணக்கு அவனிடம் மட்டும்தான் இருக்கிறது.

அவனுக்குக் கலியாணம் பேசியபோது, மாப்பிள்ளை வீட்டார் கூறைச் சேலை கொடுக்க வேண்டும் என்பது வழக்கம் என்பதால், நாங்கள் இருவரும்தான் கடைக்குப் போனோம். பெண்ணின் ஊர் சாம்பல்தீவு. கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு கத்தரிப்பூ நிறமும் சிவப்பும் கலந்த பட்டை விரித்தார். இரண்டு கரையிலும் அன்னம். பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததைக் காட்டிக்கொள்ளாமல் முகத்தைச் சுளித்தேன். தம்பி எழும்பி வாசல் வரை போனான். நானா கூப்பிட்டார். திரும்பி வந்தான். மறுபடியும் போனான். மத்தியானச் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. கடைசியில் நானா சேலையை மடித்து, "தங்கச்சி, கலியாணச் சாமான், அதால குடுக்கிறன். உங்கட தம்பிய மட்டும் இனி இஞ்ச கூட்டிக்கொண்டு வராதேங்கோ" என்றார். சொன்ன விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

அந்த வெற்றியைத் தம்பியால் வயிற்றுக்குள் வைத்திருக்க முடியவில்லை. தாலி கட்டிய அன்றே பெண் வீட்டாருக்குச் சொன்னான். பிறகு மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில் சொன்னான். போன இடமெல்லாம் சொன்னான். என் மச்சாள், அதாவது அவன் மனைவி, அதிகம் வாய் திறக்காதவள். அவன் அந்தக் கதையைத் தொடங்கினால் குசினிக்குள் போய்விடுவாள். சண்டைக் காலத்தில் வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தபோது, சட்டி பானை எல்லாவற்றையும் போட்டுவிட்டு அந்தச் சேலையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியவள் அவள். புருஷனுக்கு முந்திக் கண்ணை மூடினால் கூறையைக் கட்டித்தான் சுடலைக்கு அனுப்புவார்கள் என்பது எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். அதற்காக அதை அலுமாரியின் மேல் தட்டில் ஒரு பையில் சுற்றி வைத்திருந்தாள். ஒருமுறை கட்டியது. புதிதுபோலவே இருக்கும்.

புதிதுபோல இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

போன வருடம் அவர்களின் மகளுக்கு டெங்கு வந்தது. இரத்த அணுக்கள் இறங்கிக்கொண்டே போயின. பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் துணிபோலக் கிடந்தாள். மச்சாள் எங்கள் தெரு அம்மனுக்கு ஒரு பட்டுச் சேலை சாத்துவதாக நேர்த்தி வைத்தாள். பிள்ளை எழும்பி வந்தாள். சேலை வாங்குகிற பொறுப்பைத் தம்பி ஏற்றுக்கொண்டான். "நீ கடைக்குப் போனால் கேட்ட விலையக் குடுத்திட்டு வருவாய்" என்று சொல்லிப் புறப்பட்டான். திருவிழா தொடங்க முன்னரே சேலையைத் தட்டில் வைத்து ஐயரிடம் கொடுத்தும்விட்டான். வீட்டுக்கு வந்து மார்பை நிமிர்த்திச் சொன்னான்: "நாப்பதாயிரம் பெறுமதி. இருவத்திரண்டுக்கு முடிச்சனான்."

மச்சாளும் மகளும் நானும் அவனைப் பாராட்டினோம். வேறு என்ன செய்வது, அதற்காகத்தானே அவன் சொல்கிறான்.

திருவிழாவின் ஏழாம் நாள் மாலை. திரை விலகியது. தீபம் காட்டினார்கள். எல்லோரும் கை கூப்பினோம். எனக்குப் பக்கத்தில் நின்ற மச்சாள் கூப்பிய கையோடு என் பக்கம் சாய்ந்தாள். "மச்சாள்" என்று என் காதுக்குள் சொன்னாள். "அம்மன் கட்டியிருக்கிறது என்ர கூறை."

"விசர்க்கதை கதையாத. அதுமாதிரி ஒண்டாய் இருக்கும்."

"கலியாணத்தண்டைக்கு ஓமப்பொறி பறந்து கரையில ஒரு பொட்டு எரிஞ்சது. பாருங்கோ, வலப்பக்கத்து மூண்டாவது அன்னத்துக்குக் கழுத்தில்ல."

பார்த்தேன். கழுத்தில்லை.

அன்று வீட்டில் நடந்ததை நான் மென்மைப்படுத்தி எழுதப் போவதில்லை. தம்பியைக் கதிரையில் இருத்தி, "டேய், கடைக்குப் போனியோ, அலுமாரிக்குப் போனியோ?" என்று கேட்டேன். அவன் கூரையைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "அக்கா, புதுப் பட்டொண்டு சும்மா கிடந்து பழுதாகுது. அம்மன் கட்டினால் புண்ணியம்தானே."

"அது கூறையடா! நீயும் நானும் போய் எடுத்த கூறை!"

"கூறையெண்டு அதில எழுதியா கிடந்தது?"

இருபது வருடமாகப் போன இடமெல்லாம் விலை சொல்லித் திரிந்தவனுக்கு அந்தச் சேலையின் முகம் தெரியவில்லை. விலை மட்டும்தான் தெரிந்திருந்தது. அதோடு ஒருத்தி கட்டிய சேலையை அம்மனுக்குக் கொடுக்கக் கூடாது, புதிது கொடுக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவன் கோவில் பரிபாலன சபையில் வேறு இருக்கிறான். வாங்காத சேலைக்குக்கூட அவன் பாதி விலைப் பெருமை அடித்ததைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. அலுமாரியில் இருந்து எடுத்ததையும் மலிவாக எடுத்ததாகச் சொன்னால்தான் அவனுக்கு நித்திரை வரும்.

மச்சாள் அழவில்லை. "எனக்கு என்ர கூறை வேணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

கேட்டு வாங்க முடியாது. அம்மனுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. கேட்டால் தம்பியின் மானம் தெருவில் கிடக்கும். ஒரு வழிதான் இருந்தது. திருவிழா முடிந்து கடைசிப் படையலான வைரவர் மடையும் முடிந்தால், மறுநாள் காலையில் அம்மனுக்குச் சாத்திய சேலைகளைக் கோவில் மண்டபத்தில் ஏலம் விடுவார்கள். அதில் கேட்டு எடுக்க வேண்டும். ஏலம் கூறுகிறவன் யார் தெரியுமா? என் தம்பிதான். வருடாவருடம் அவன்தான். வாங்குகிறவர்களின் குடல்வரை அறிந்தவன் என்று சபை அவனிடம் ஒலிவாங்கியைக் கொடுத்திருந்தது.

திட்டம் சுலபமானது. அந்தச் சேலை வரும்போது அவன் ஐயாயிரத்தில் தொடங்க வேண்டும். நான் ஆறாயிரம் கேட்பேன். அவன் ஒரே மூச்சில் மூன்று தரம் சொல்லி முடிக்க வேண்டும். மச்சாள் வீட்டில் இருக்க வேண்டும்.

"நல்லா மலிவாய் முடியும் அக்கா" என்று தம்பி உற்சாகமாகச் சொன்னான். தன் மனைவியின் கூறையை இரண்டாம் முறையும் மலிவாக எடுக்கப் போகிற சந்தோஷம் அவன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அப்போதே அவனுக்கு ஒன்று கொடுத்திருக்க வேண்டும்.

ஏலத்துக்கு வருகிற கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்தி என்று சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். அம்மன் கட்டிய பட்டு, பிரசாதம், வீட்டில் இருந்தால் விசேஷம் என்பார்கள். கடையில் ஐம்பதாயிரத்துக்குப் போகிற பட்டு, கோவிலில் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் போகும் என்பதை ஒருவரும் வாயால் சொல்ல மாட்டார்கள். சேலைகளை மேசையில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொருத்தியும் வந்து முந்தானையைத் தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். கண் மூடியிருக்கும், உதடு ஏதோ ஓதும், பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் சரிகையைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவி, ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். வருடத்துக்கு இரண்டு சேலையாவது எடுக்காமல் போக மாட்டார். அவருக்கு அடுத்தது இறக்கக்கண்டியில் இருந்து வருகிற ஒரு இளம் பெண். எடுக்கிற சேலையைப் போனில் படம் பிடித்து வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு விற்கிறவள். இந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் விலை கேட்பார்கள். சேலையைப் பார்ப்பதில்லை. டீச்சருக்குப் பிடித்தால் அது நல்ல பட்டு என்று அந்தப் பெட்டை நினைப்பாள். அந்தப் பெட்டை கேட்டால் கனடாவில் விலை போகும் என்று டீச்சர் நினைப்பார். இரண்டு பேருக்கும் வேண்டாத ஒரு சேலை அதன் கடை விலையைத் தாண்டிப் போனதை நான் கண்டிருக்கிறேன்.

அன்று எங்கள் சேலை எடுக்கப்பட்டபோது முதல் பிழையைத் தம்பியே விட்டான். ஐயாயிரம் என்றான். நான் ஆறு என்றேன். "ஆறாயிரம் ஒருதரம் ரெண்டுதரம்..." என்று பேய் துரத்துவதுபோல ஓடினான்.

டீச்சர் கையைத் தூக்கினார். "பொறுங்கோ தம்பி. உங்கட அக்கா வாய் திறந்தவுடன ஏன் இந்த அவசரம்? சொந்தத்துக்குள்ள முடிக்கப் போறியளோ?"

"சீச்சீ, அப்பிடியொண்டுமில்ல டீச்சர்."

"அப்ப எட்டாயிரம்."

டீச்சர் கேட்டதும் இறக்கக்கண்டிப் பெட்டை பத்து என்றாள். நான் பதினொன்று என்றேன். அலட்சியமாகத்தான் சொன்னேன், கொட்டாவியும் விட்டேன். பலிக்கவில்லை. ஏனென்றால் அந்த நேரம் பார்த்து, வீட்டில் இருக்கச் சொன்ன மச்சாள் மண்டபத் தூணுக்குப் பக்கத்தில் நின்று விம்மினாள். இருபது வருடமாக அழாதவள் அன்றைக்கு வந்து அழுதாள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. யாரோ சொன்னார்கள்: "பாவம், அவவின்ர மகளுக்குத்தான் டெங்கு வந்தது. நேர்த்திக்குக் குடுத்த சேலை."

"அந்தச் சேலையோ? பிள்ளைய எழுப்பின சேலையோ?"

முடிந்தது. ஒரு நிமிடத்தில் அது உயிர் காத்த சேலையாகிவிட்டது. அதுவரை மூலையில் இருந்து பாக்குச் சப்பிக்கொண்டிருந்த கிழவிகள்கூட இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்தார்கள். பதினைந்து. பதினெட்டு. இருபது. நான் இருபத்தைந்து என்று கத்தினேன். அதற்கு மேலே எனக்கு வழி இல்லை.

இப்போது தம்பி என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடியிருக்க வேண்டும். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். மயங்கி விழுந்திருக்கலாம். அவனோ சேலையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "பாருங்கோ கரைய! ரெண்டு பக்கமும் அன்னம்! இந்த நெசவு இப்ப கடையில கிடையாது! பிள்ளைக்கு வாழ்வு குடுத்த பட்டு, இருவத்தைஞ்சுக்கு விடவோ?"

"டேய்!" என்றேன்.

அவனுக்குக் கேட்கவில்லை. விலை ஏறுகிற சத்தம் மட்டும்தான் அவன் காதில் விழுந்தது. வாங்குகிறவனாக இருந்தால் இறக்குவான், விற்கிறவனாக இருந்தால் ஏற்றுவான். யாருடைய பொருள், யாருக்கு வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு இடையில் வருகிற தொந்தரவு. தன் பெண்சாதியின் கூறையைப் பிடித்துக்கொண்டு முப்பது, முப்பத்தைந்து என்று பாடிக்கொண்டே போனான்.

நான் எழும்பி, "சாயம் போற பட்டு! கரையில ஓட்டை வேற கிடக்கு!" என்று கூவினேன்.

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அம்மன் கட்டினதுக்குக் குறை சொல்லுறியோ? உன்ர வாய்க்கு ஆப்பச்சட்டிதான் சரி. நாப்பத்தொராயிரம்."

பெட்டை போனைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள், விட்டுவிட்டாள்.

"நாப்பத்தொராயிரம், ஒருதரம்! நாப்பத்தொராயிரம், ரெண்டுதரம்!"

"டீச்சர்." மச்சாள் தூணை விட்டு முன்னால் வந்தாள். முகத்தைத் துடைத்திருந்தாள். "அது என்ர கூறை."

"என்ன கதை பிள்ளை இது?"

"கலியாணத்துக்கு இவர் தந்த கூறை. அலுமாரிக்குள்ள கிடந்தது. எனக்குச் சொல்லாமல் இவர்தான் எடுத்துக்கொண்டு வந்து அம்மனுக்குக் குடுத்தவர்."

மண்டபம் முழுவதும் தம்பியைப் பார்த்தது. அவன் ஒலிவாங்கியை வாயில் இருந்து எடுக்க மறந்துவிட்டான். எச்சில் விழுங்கிய சத்தம் ஒலிபெருக்கியில் வீதிவரை கேட்டது. பிறகு அவன் சொன்னதும் கேட்டது: "புதுசு மாதிரித்தான் கிடந்தது."

ஐயர் "சிவ சிவா" என்று கண்ணை மூடிக்கொண்டார். கட்டின சேலையை அம்மனுக்குச் சாத்தியதற்குப் பரிகாரம் செய்ய வேண்டும், நேர்த்தியும் இன்னும் நிறைவேறவில்லை என்றார். டீச்சர், நெருப்பைத் தொட்டவர்போல மேசையில் இருந்து விலகினார். இன்னொருத்தி உயிரோடு இருக்கும்போது அவளுடைய கூறையைக் கட்டுகிற பெண் எங்கள் ஊரில் இல்லை. ஒரு வினாடிக்கு முன் நாற்பத்தோராயிரம் பெறுமதியான பட்டு, சும்மா கொடுத்தாலும் ஒருத்தியும் தொடாத துணியாகிவிட்டது. அதே பட்டு, அதே அன்னம். "எனக்கு வேண்டாம் பிள்ளை. உன்ர கூறைய நீ எடு" என்றார் டீச்சர்.

தம்பியின் முகத்தில் இருந்த வெட்கம் மெல்ல வடிந்தது. அந்த இடத்தில் வேறொன்று வந்தது. எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்.

"அப்ப டீச்சர் விட்டிட்டா" என்று தொண்டையைச் செருமினான். "முதல்ல இருந்து கேப்பம். ஐயாயிரம்." என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான்.

பொய் சொல்ல மாட்டேன், என் கையும் எழும்பியது. ஐயாயிரம்! மச்சாள் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"நாப்பத்தொராயிரம்" என்றாள்.

"விசரோ உனக்கு? ஒருதரும் எதிர்த்துக் கேக்கேல்ல!"

"நான் கேக்கிறன்."

"ஐயாயிரத்துக்கு வாறதை..."

"நாப்பத்தொராயிரம். மூண்டுதரம் சொல்லுங்கோ."

தம்பி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். யாராவது குறைத்துக் கேட்டுத் தன்னைக் காப்பாற்ற மாட்டார்களா என்று தேடினான். ஏலத்தில் குறைத்துக் கேட்கிறவர் உண்டா? "ஒருதரம்" என்றான். வெகுநேரம் நின்றான். "ரெண்டுதரம்" என்றான். மூன்றாவது தரம் ஒலிபெருக்கியிலும் சரியாகக் கேட்கவில்லை.

"காசு இவர் தருவார்" என்று மச்சாள் சபைத் தலைவரிடம் சொன்னாள். "நேர்த்திச் சேலைக்கெண்டு எடுத்து வச்சது இவரிட்ட கிடக்கு. காணாத மிச்சத்தை வங்கியில எடுப்பார்." சேலையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவனுடைய மோட்டார் சைக்கிளுக்காகக் காத்திருக்கவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. அவள் செய்தது சரி என்று தெரிந்தும் எரிந்தது. முப்பத்தாறாயிரம் ரூபாய் வித்தியாசம். எத்தனை ஆயிரம் ஆப்பம்! தெருவில் இன்றும் அவளைப் பற்றிச் சிரிக்கிறார்கள், ஏலம் கேட்கத் தெரியாதவள் என்று. சிரிக்கிறவர்களில் டீச்சர் இல்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் புதுச்சேலை வாங்க மச்சாள் கடைக்குப் போனாள். துணைக்கு என்று நானும் போனேன், காசு கொடுக்க என்று தம்பியும் வந்தான். கடை வாசலில் அவனிடம் காசை வாங்கிக்கொண்டு, "நீங்கள் ரெண்டு பேரும் வெளியில நில்லுங்கோ" என்றாள். கதவைச் சாத்தினாள். வெயிலில் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். உள்ளே கடைப் பெடியன் ஒரு சேலையை விரித்தான். அவள் தொட்டுப் பார்த்தாள். ஏதோ கேட்டாள், அவன் ஏதோ சொன்னான். உடனே பையைத் திறந்தாள்.

தம்பி கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். "அக்கா, கேட்ட விலைய அப்பிடியே குடுக்கிறாள். பாருங்கோ, எண்ணிக் குடுக்கிறாள்!"

"பாக்காதயடா" என்றேன். "அங்கால திரும்பி நில்."

அவன் திரும்பவில்லை. நானும்தான்.